பாலையடிக்குளத்துச் சனத்தைக் கூப்பிட்ட கதை

போன மாதம் ஓய்வூதியப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வைக்க வவுனியாவுக்குப் போயிருந்தேன். அங்கே கந்தோரில் இருந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர், நான் ஒரு காலத்தில் குளத்து வேலைகளை மேற்பார்த்த ஓவசியர் என்று அறிந்ததும் ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். மழைக்காலத்துக்கு முன்பு வீடு வீடாகக் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டுமாம். வெள்ளம் வந்தால் எங்கே போவீர்கள், எதை எடுப்பீர்கள், வீட்டில் நடக்க முடியாதவர் உண்டா என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள்.

"சனம் இதை நிரப்பித் தருகுதில்லை ஐயா. உங்கட காலத்தில எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது கந்தோர்க் கதிரையில் இருந்துகொண்டு இரண்டு வசனத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல. பஸ்ஸில் வரும்போது முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கேட்டவருக்கு அனுப்பலாம் என்று எழுதத் தொடங்கியது இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலே சொல்லிவிடுகிறேன். நான் முதல்தரம் சனத்தைக் கூப்பிட்டது பிழையாகப் போயிற்று.

எஸ்.எஸ்.சி. முடித்து, இரண்டு வருடம் நில அளவை வேலைக்காரருடன் சங்கிலி இழுத்து, ஒரு சோதனை எழுதி, நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராகச் சேர்ந்தவன் நான். ஐம்பதுகளின் பிற்பாதியில், இருபத்து மூன்று வயதில், நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரமாக இருந்த பாலையடிக்குளத்துக்கு அனுப்பினார்கள். பழைய உடைந்த குளம் ஒன்றைத் திருத்திக் கட்டி, யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த முப்பத்தொரு குடும்பங்களுக்குக் காணி கொடுத்திருந்தார்கள். குளக்கட்டுக்குக் கீழே வரிசையாக வீடுகள். அதற்கு அப்பால் வயல். அரை மைல் தள்ளி ஒரு மேடு, அதில் பள்ளிக்கூடம். கட்டில் ஏறி நின்று பார்த்தால் முப்பத்தொரு வீட்டுக் கூரையும் என் காலுக்குக் கீழே இருக்கும். கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

எனக்கு மேலே எஞ்சினியர் குலசேகரம். வவுனியாவில் இருந்து மாதம் ஒருமுறை ஜீப்பில் நெடுங்கேணிவரை வந்து, மிச்சத் தூரத்தை நடந்து வருவார். மெலிந்த மனிதர். கட்டில் ஏறும் முன்பு சப்பாத்தைக் கழற்றி, இரண்டின் கயிற்றையும் முடிந்து கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொள்வார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. "சப்பாத்தோட நடந்தால் மண் நனைஞ்சிருக்கிறது தெரியாது. நீரும் கழற்றும்" என்றார். அன்று கழற்றியவன், இலாகாவை விட்டு வரும்வரை கட்டில் சப்பாத்துப் போட்டு நடந்ததில்லை.

அவரிடம் எதைச் சொன்னாலும் உடனே எழுதமாட்டார். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்.

"நீர் பார்த்தனீரோ, கேட்டனீரோ, நினைச்சனீரோ?"

பார்த்தேன் என்றால் எழுதுவார். கேட்டேன் என்றால் யார் சொன்னது என்று பெயரோடு எழுதுவார். நினைத்தேன் என்றால் எழுதமாட்டார், ஆனால் ஏசவும் மாட்டார். "சரி, போய்ப் பார்த்திட்டு வாரும்" என்பார். குரலை உயர்த்தி அவர் கதைத்து நான் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த மெல்லிய குரலுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

நான் போன முதல் மார்கழியில் நான்கு நாள் விடாமல் மழை. குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கியிருந்தது. வான் என்பது, நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போவதற்குக் கட்டி விடும் இடம். அது பாய்வது நல்லதுதான். ஐந்தாம் நாள் மத்தியானம் கட்டின் அடியில், வடிகால் வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டு வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. கட்டின் அடியில் தண்ணீர் கசிவது புதினமில்லை. எந்தக் குளத்திலும் கொஞ்சம் கசியும். அது தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கட்டுக்குள்ளே இருக்கும் மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். இதைப் படித்திருந்தேன். படித்ததோடு ஓடினேன்.

பள்ளிக்கூட மேட்டில் ஒரு தண்டவாளத் துண்டு கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. கை ஓயும்வரை அடித்தேன். சனம் உலையில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறியது. குடியிருப்பில் கடை வைத்திருந்த மீரான் நானா, எஞ்சினியருக்குத் தந்தி அடிக்கவென்று மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுங்கேணிக்குப் போனார். அன்று பின்னேரம் மழை விட்டுவிட்டது. குளம் உடையவில்லை. இரவைப் பள்ளிக்கூடத்தில் கழித்தோம்.

காலையில் குலசேகரம் ஐயா வந்தார். சப்பாத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னோடு வாய்க்கால் ஓரமாக நடந்தார். நான் கலங்கல் கண்ட இடத்தில் நிற்காமல் இன்னும் ஐம்பது யார் தூரம் மேலே போனார். அங்கே வாய்க்கால் ஒரு சின்ன மடுப்போல அகன்றிருந்தது. கரை முழுக்கக் குளம்புத் தடம். மடுவுக்கு மேலே வந்த தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது.

"எருமை படுத்திருக்கு" என்றார்.

அவர் பென்சிலை எடுக்காமலே கேட்டார்: "கட்டு மண் கரையுதெண்டு பார்த்தனீரோ, நினைச்சனீரோ?"

"நினைச்சனான் ஐயா."

அந்த நேரம் பார்த்துக் கந்தையா அண்ணை வந்தார். கட்டுக்கு ஆகக் கிட்ட, காட்டோரமாக இருந்த முதல் வளவு அவருடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கதைப்பது குறைவு. "ஐயா ஒருக்கா வந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தோம். ஆளில்லாத வளவுக்குள் யானை வந்திருக்கிறது. வழக்கமாக யானை வந்தால் தகரத்தில் தட்டி, நெருப்புக் கொள்ளி காட்டித் துரத்துவார்கள். அன்று தட்டுவதற்கு ஒருவரும் இல்லை. நெல் போட்டு வைக்கும் கொம்பறையை இடித்து, மாசியில் அரிவு வெட்டும்வரை வீட்டுக்குச் சாப்பாடாக இருந்த நெல்லைத் தின்று, மிச்சத்தைச் சேற்றில் மிதித்துவிட்டுப் போயிருந்தது. கந்தையா அண்ணையின் மனுசி மனோன்மணி அக்கா சேற்றுக்குள் குந்தியிருந்து, அள்ளக்கூடியதை ஒரு சுளகில் அள்ளிக்கொண்டிருந்தா. எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ஐயா சொன்னார்: "கலங்கல் கண்டால் என்ன செய்யவேணுமெண்டு உமக்கு நான் சொல்லித் தந்திருக்கவேணும். அது என்ர பிழை. ஒரு வெள்ளைப் போத்தலில தண்ணி எடும். கசிவு வெளிக்கிடுற வாயிலயே எடும், வாய்க்காலில எடாதையும். கால் மணித்தியாலம் ஆடாமல் வையும். அடியில என்ன படியுதெண்டு பாரும். மூண்டுதரம் எடும். அதுக்குப் பிறகு ஓடும்."

கொஞ்சத் தூரம் போனபின், "இப்ப முப்பத்தொரு வீட்டுக்கும் போம். நீர் என்ன பார்த்தனீர், என்ன நினைச்சனீர் எண்டதை அப்பிடியே சொல்லும்" என்றார்.

"நீங்களும் வாறீங்களோ ஐயா?"

"நான் வந்தால் சனம் என்னோட கதைக்கும். அடுத்த மழைக்கு இஞ்சை நிக்கப்போறது நீர்."

அந்த இரண்டு நாளும் நான் பட்ட வெட்கத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. சில வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் எருமைக்காரனைப் பிடித்து ஏசினார்கள். மீரான் நானா, "பரவாயில்ல தம்பி, நனைஞ்சது நான்தானே" என்று தேத்தண்ணி தந்தார். கந்தையா அண்ணை வீட்டுக்குக் கடைசியாகப் போனேன்.

"அண்ணை, எருமை கலக்கின தண்ணியைக் கண்டிட்டுக் கட்டு கரையுதெண்டு நினைச்சிட்டன். வடிவாய்ப் பார்க்கேல்லை. என்னாலதான் உங்கட நெல்லுப் போனது."

அவர் வேலிக்கு வரிச்சுக் கட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த வரிச்சை இறுக்கி முடிந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீர் நல்ல பிள்ளை. ஆனால் இனி நீர் தண்டவாளத்தை உடைச்சாலும் நான் என்ர வளவை விட்டு அசையன்."

மனோன்மணி அக்கா குசினி வாசலில் நின்றா. அந்த வருடம் அரிவு வெட்டும்வரை மற்ற வீடுகள் ஆளுக்குக் கொஞ்சம் நெல் கொடுத்து அவர்களைத் தாங்கின. அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஐயா வந்தபோது எனக்கொரு வேலை தந்தார். எல்லா வீட்டுக்கும் போய் ஒரேயொரு கேள்வி கேட்கவேண்டும். குளம் உடையப்போகிறது என்று தெரிந்தால் முதலில் எதைத் தூக்குவீர்கள்? "புத்தி சொல்லாதையும். கேட்டு எழுதிக்கொண்டு வாரும்" என்றார்.

ஒரு கொப்பியோடு போனேன். காணிப் பெர்மிற் என்றார் ஒருவர். தையல் மெசின் என்றா ஒரு அக்கா. சாமிப்படம், ஆட்டுக்குட்டி, மண்வெட்டி, கலியாணக் கூறை. சரசு அக்கா என்று ஒருவர், பாரிசவாதத்தில் படுத்திருந்த மாமியாரைக் காட்டி, "மாமியைத் தூக்கவேணும். ஆனால் நான் தனியத் தூக்கேலாது தம்பி, அவரும் வயலில எண்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டா. ஒரு வயதான மனிதர், "என்னத்தைத் தூக்கிறதெண்டு என்ர மனுசி சொல்லுவா, அதைத் தூக்குவன்" என்றார். ஆனால் எந்த வீட்டிலும், என்ன சொன்னாலும், கடைசியில் கண் கொம்பறைப் பக்கம்தான் போனது. நெல்லைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நெல்லை விட்டுவிட்டுப் போனால் யானை வரும். கந்தையா அண்ணை வீட்டுக் கொம்பறைக்கு நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஐயா கொப்பியை முழுக்கப் படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். "நாங்கள் சனம் பிடிவாதம் எண்டு சொல்லுறம். அவை சோத்தை விட்டிட்டு வரேலாமல் நிக்கினம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் தானாகவே செய்தது. பள்ளிக்கூட மேட்டில் ஒரு பெரிய பொதுக் கொம்பறை கட்டினார்கள். கார்த்திகை பிறக்கும் முன்பே ஒவ்வொரு வீடும் மழைக்காலச் சாப்பாட்டு நெல்லை அங்கே கொண்டுபோய்ப் போட்டது. வீட்டில் ஒரு கிழமைக்குப் போதுமானது மட்டும். யானைக்குக் காவலாக இரண்டு இரண்டு பேராக முறை வைத்தார்கள். காணிப் பெர்மிற்றைப் பிஸ்கற் பேணிக்குள் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றிக் கூரை வளையில் கட்டினார்கள். சரசு அக்காவின் மாமியாருக்கு மீரான் நானாவின் மாட்டுவண்டி என்று பேசி வைத்தோம். தண்டவாளத்துக்கும் ஒரு பாஷை வைத்தோம். விட்டு விட்டு ஒற்றை அடி என்றால் எல்லோரும் வீட்டோடு நில்லுங்கள், வயலுக்குப் போகவேண்டாம். இரட்டை அடி என்றால் பிள்ளைகளும் நடக்க முடியாதவர்களும் மாடுகளும் மேட்டுக்கு. விடாத அடி என்றால் எல்லோரும்.

கந்தையா அண்ணை ஒருவர்தான் சேரவில்லை. பாக்கி முப்பது வீட்டு நெல்லும் மேட்டுக்குப் போனது. அவர் புதுக் கொம்பறை ஒன்றைத் தன் வளவிலேயே கட்டி, அதற்குப் பக்கத்தில் கட்டிலையும் போட்டுக்கொண்டார்.

அந்த மார்கழி மழை முதல் வருடத்து மழை மாதிரி இல்லை. வானம் கீழே இறங்கி வந்து காட்டின் மேல் படுத்திருந்தது போல இருந்தது. மூன்றாம் நாள் ஒற்றை அடி அடித்தேன். நான்காம் நாள் குலசேகரம் ஐயா நெஞ்சளவு தண்ணீரில் நெடுங்கேணிப் பாதையைக் கடந்து வந்து சேர்ந்தார். அவர் வந்த பிறகு பாதை முழுக்க மூடிவிட்டது. இனி வெளியே இருந்து ஒருவரும் வரமாட்டார்கள். ஐந்தாம் நாள் இரட்டை அடி. பிள்ளைகளும், மாமியாரை ஏற்றிய வண்டியும், மாடுகளும் மேட்டுக்குப் போய்விட்டன.

ஆறாம் நாள் காலை ஏழு மணியிருக்கும். கட்டின் அடியில், பழைய ஓடையை மறித்துக் கட்டின இடத்துக்கு நேரே, என் உள்ளங்காலுக்குக் கீழே மண் மெத்தென்று அமிழ்ந்தது. குனிந்தேன். ஒரு சுண்டுவிரல் மொத்தத்தில் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. கலங்கல்.

ஓடவேண்டும் என்று கால் துடித்தது. ஓடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த மூன்று போத்தலில் ஒன்றை எடுத்து ஊறும் வாயிலேயே பிடித்தேன். ஒரு பாலை மர வேரின்மேல் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கால் மணித்தியாலம் வேறு வரவில்லை. அடியில் ஒரு விரற்கடை மண் படிந்தது. இரண்டாம் போத்தலில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். மூன்றாம் போத்தலை நிரப்பும்போது ஊற்று சுண்டுவிரலில் இருந்து பெருவிரல் மொத்தத்துக்கு வந்திருந்தது. பிறகுதான் ஓடினேன்.

"பார்த்தனீரோ?" என்றார் ஐயா. மற்ற இரண்டையும் கேட்கவில்லை.

"பார்த்தனான் ஐயா. மூண்டு போத்தல். பக்கத்தில எருமை ஒண்டும் இல்லை."

போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "விடாமல் அடிக்கச் சொல்லும்" என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "வடக்குப் பக்கம் கட்டு பதிவு, உயரம் குறைவு. அந்தப் பக்கம் காடு. அதில வெட்டித் தண்ணியைக் காட்டுக்குள்ள விட்டால் இந்தப் பக்கம் பாரம் குறையும். ஆனால் வெட்டேக்க கட்டு முழுசாய் இழுபட்டுப் போனாலும் போகும். ஒரு உயிர் கீழ நிண்டாலும் நான் வெட்டமாட்டன். கெதியாய்ப் பாரும்."

முப்பது வீடும் ஒரு மணித்தியாலத்துக்குள் மேட்டில் நின்றது. அவர்கள் தூக்கி வந்தது பாயும் சட்டிபானையும்தான். நெல் முதலே அங்கே இருந்தது. கொப்பியில் பெயர் பெயராகப் பார்த்துக் குறித்தேன். கந்தையா அண்ணை வீடு மட்டும் குறி இல்லாமல் இருந்தது.

மூன்றாம் போத்தலையும் கையில் பிடித்துக்கொண்டு அவர் வளவுக்கு ஓடினேன். முழங்கால் அளவு தண்ணீர். அவர் கொம்பறைக்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்தார். மனோன்மணி அக்கா ஒரு மூட்டையோடு வேலிப் படலைக்குக் கிட்ட நின்றா. ஆனால் அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்றா.

"அண்ணை, வாங்கோ. கட்டு கரையுது."

"இந்தமுறையும் நினைச்சதோ?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. வாயால் சொல்லி அவரை அசைக்க முடியாது என்று தெரிந்தது. போத்தலை அவர் கையில் கொடுத்தேன். "கசிவு வாயில எடுத்தது. நீங்களே பாருங்கோ" என்றேன்.

அவர் போத்தலைச் சரித்து மேல்தண்ணீரை ஊற்றினார். அடியில் படிந்த மண்ணை உள்ளங்கையில் கொட்டி, பெருவிரலால் தேய்த்தார். எங்கள் வயல் மண் கறுப்பு. வாய்க்கால் மண்ணும் கறுப்பு. அவர் கையில் இருந்தது மஞ்சளும் சிவப்பும் கலந்த, சின்னச் சின்னச் சரளை ஓடிய மண். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இது கட்டுக்கு நடுவில போட்ட மண்" என்றார். "காணி கிடைக்க முன்னம் ரெண்டு வருசம் இந்தக் கட்டில கூலிக்கு நிண்டனான். இந்த மண்ணைத் தலையில சுமந்து போட்டது நான். இது நடுக்கட்டில இருந்துதான் வரவேணும்."

எழும்பிவிட்டார். எழும்பியவர் கொம்பறையைப் பார்த்து அப்படியே நின்றார். "நெல்லு..." என்றார். அந்த ஒரு சொல்லில் போன வருடம் முழுக்க இருந்தது.

அப்போதுதான் மனோன்மணி அக்கா வாயைத் திறந்தா. "அதுக்குள்ள நெல்லில்லை. வாங்கோ."

"என்ன?"

"மேல ஒரு சாண் நெல்லு. கீழ முழுக்கப் பதர். கார்த்திகை முழுக்க நீங்கள் வயலுக்குப் போன நேரம் பாத்து, கடகத்தில போட்டு மேட்டுக்குக் கொண்டுபோட்டன். மீரான் நானாட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். எங்கட நெல்லு அங்கதான் கிடக்கு."

கந்தையா அண்ணை ஒருமுறை கொம்பறையையும் ஒருமுறை மனுசியையும் பார்த்தார். ஒரு மாதமாக இரவிரவாகப் பதரைக் காவல் காத்திருக்கிறார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்குள்ளே நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்காவும் சிரித்தா. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. "அண்ணை, நடவுங்கோ, நடவுங்கோ" என்று இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளினேன்.

மேட்டில் ஏறியதும் கொப்பியில் கடைசிக் குறியைப் போட்டேன். ஐயாவிடம் போய், "ஒருத்தரும் கீழ இல்லை. எல்லாரையும் பார்த்தனான்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வடக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு போனோம். கந்தையா அண்ணை கேட்காமலே வந்தார். ஐயா கயிறு பிடித்து அகலம் காட்டினார். எல்லோருக்கும் இடுப்பில் கயிறு கட்டி, அதைப் பின்னால் நின்ற மரங்களில் முடிந்தோம். வெளிப்பக்கத்தில் இருந்து வெட்டிக்கொண்டு வந்து, தண்ணீர்ப் பக்கம் ஒரு முழ மண் மிச்சம் இருக்கும்போது எல்லோரையும் விலகச் சொன்னார். கடைசி மண்ணை எடுக்க நான் கையை உயர்த்தினேன். கந்தையா அண்ணை என்னைப் பின்னுக்குத் தள்ளினார். "உமக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது" என்றார். அது உண்மைதான்.

நாலு வெட்டு. தண்ணீர் முதலில் வாய்க்கால்போல ஓடியது. பிறகு பக்கச்சுவர் இரண்டும் இடிந்து விழ, சத்தம் பெரிதாகிக் காட்டுக்குள் பாய்ந்தது. சின்ன மரங்கள் வேரோடு சரிந்தன. கட்டு என் காலுக்குக் கீழே நடுங்கியது. ஐயா வெட்டைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று கட்டின் மற்றப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டு நின்றது.

ஒரு மணித்தியாலத்தில் குளம் ஒரு சாண் இறங்கியது. பின்னேரம் நான்கு மணிக்கு நான் மறுபடி கசிவு வாய்க்குப் போனேன். பெருவிரல் சுண்டுவிரலாகியிருந்தது. போத்தலில் பிடித்து வைத்தேன். கால் மணித்தியாலம் போயும் அடியில் ஒன்றும் படியவில்லை. அந்தத் தெளிந்த தண்ணீரை ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு சாக்கு அடுக்கின்மேல் குந்திக்கொண்டு, சப்பாத்தைக் கழுத்தில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சரசு அக்கா கொண்டுவந்து கொடுத்த கஞ்சியை இரண்டு கோப்பை குடித்தார். மூன்றாவது கோப்பை கையில் இருக்கும்போதே, இருந்த இருப்பில் நித்திரையாகிப் போனார். மனோன்மணி அக்கா கோப்பையை மெல்ல எடுத்து வைத்தா.

காட்டோர வயல்கள் சில மணல் மூடிப்போயின. அந்தக் குடும்பங்களுக்குப் பொதுக் கொம்பறை அடுத்த போகம்வரை சோறு போட்டது. மூன்று மண்சுவர் வீடுகள் ஊறி விழுந்தன. மழை விட்ட பிறகு எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள். ஆள் சேதம் இல்லை. ஒரு ஆடுகூடக் குறையவில்லை. குலசேகரம் ஐயா இரண்டு வருடத்தின் பிறகு மாற்றலாகிப் போனார். வடக்குப் பக்க வெட்டு நிரந்தரமான இரண்டாவது வானாகக் கட்டப்பட்டது. அதற்கான வரைபடத்தை நான்தான் கீறினேன்.

அதற்குப் பிறகும் பாலையடிக்குளத்தில் எட்டு மழைக்காலம் இருந்தேன். இன்னொரு தடவையும் விடாமல் அடித்தேன். மூன்று போத்தலும் கலங்கல்தான். எல்லோரும் வந்தார்கள், கந்தையா அண்ணை முதல் ஆளாக வந்தார். ஆனால் பின்னேரத்துக்குள் கசிவு தானாகவே தெளிந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் காலை இறங்கிப் போங்கள் என்று சொன்னேன். நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, சனம் என்னை ஏசிக்கொண்டே மேட்டால் இறங்கியது. ஓவசியருக்கு நித்திரை வராவிட்டால் ஊருக்கும் நித்திரை இல்லை என்று யாரோ சொன்னார்கள். மனோன்மணி அக்கா என்னைக் கடந்து போகும்போது நின்று, "தம்பி, அடுத்தமுறை கூப்பிடேக்க நான் தோசைக்கு அரைச்சு வைக்காத நாளாய்ப் பாத்துக் கூப்பிடும். மா முழுக்கப் புளிச்சுப் போயிருக்கும்" என்றா.

"ஓம் அக்கா" என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் நின்று, அவர்களின் ஏச்சு ஒவ்வொரு படலையாகப் பிரிந்து வீடுகளுக்குள் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட நல்ல சத்தம் ஒன்றை என் உத்தியோக காலத்தில் நான் கேட்டதில்லை.